குலுக்கலில் விழுந்த இடம்

கேள்வி: வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் சான் டியேகோ நகரில், மீரா மேசா பகுதியில் வசிக்கிறோம். சொந்த ஊர் தென்காசி பக்கம். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர்கள் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். வீட்டில் எதையாவது பிரித்துப்போட்டுக்கொண்டே இருப்பாள். ஏழு ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்கிறாள். அடுத்த ஆண்டு அரங்கேற்றம். தோழி ஒருத்தி சொல்லக் கேட்டு 'ஹை டெக் ஹை' என்ற சார்ட்டர் பள்ளிக்கு விண்ணப்பித்தோம். குலுக்கலில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் வந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். பாடப்புத்தகம் கண்ணில் படவில்லை. பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் 'ஏபி' வகுப்புகள் இல்லையாம். பிள்ளைகள் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் துள்ளிக் குதிக்கிறாள். கணவரோ, "தச்சு வேலை பழகவா இவ்வளவு தூரம் வந்தோம்? சீட்டுக் குலுக்கிச் சேர்க்கிற இலவசப் பள்ளி என்ன தரமாக இருக்கும்?" என்கிறார். எங்கள் வட்டாரப் பொதுப் பள்ளியில் ஏபி வகுப்புகள் ஏராளம். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அவள் எதிர்காலத்தோடு விளையாடுகிறோமோ என்று இரவில் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், சான் டியேகோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கெடு தாண்டினால் அது வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். வட்டாரப் பொதுப் பள்ளி இடம் அப்படியல்ல. நீங்கள் அந்த எல்லைக்குள் குடியிருக்கும்வரை எப்போது போனாலும் உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்ளும் கடமை அந்தப் பள்ளி நிர்வாகத்துக்கு உண்டு. மூடப்போகிற கதவை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கணவரின் இரண்டு கேள்விகளும் தள்ளிவிடக்கூடியவை அல்ல. கலிஃபோர்னியப் பொதுப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர் ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். பல நாட்டுத் தகப்பன்மார் இதே கேள்விகளோடு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே அவருக்கே முதலில் பதில் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

சார்ட்டர் பள்ளி என்பது பொதுப் பள்ளிதான். அரசுப் பணத்தில் நடப்பது. கட்டணம் வாங்கக் கூடாது, நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது, மதம் போதிக்கக் கூடாது. இதற்கான சட்டத்தை முதலில் இயற்றியது மின்னசோட்டா மாநிலம், 1991-இல். அடுத்த ஆண்டே அங்கே செயின்ட் பால் நகரில் முதல் சார்ட்டர் பள்ளி திறந்தது. அதே 1992-இல் கலிஃபோர்னியாவும் இரண்டாவது மாநிலமாகச் சட்டம் கொண்டுவந்தது. எதை எப்படிக் கற்பிப்பது, யாரை வேலைக்கு எடுப்பது என்பதில் பள்ளிக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. அதற்கு ஈடாக, என்ன சாதிப்போம் என்று எழுதிக் கொடுக்கிற ஒப்பந்தம்தான் 'சார்ட்டர்'. வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். சொன்னதைச் செய்யாவிட்டால் பள்ளியை மூடவும் முடியும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கித்தான் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தரும் 25 விழுக்காட்டு இடங்களுக்குக் கூட்டம் மிகுந்தால் குலுக்குகிறார்களே, அதைப் போல. ஹை டெக் ஹையில் அஞ்சல் குறியீட்டுவாரியாகக் குலுக்குகிறார்கள். கடற்கரை மாளிகைப் பிள்ளையும் எல்லை ஓரத்து வாடகை வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஆனால் 'சார்ட்டர்' என்ற சொல்லே தரத்துக்குச் சான்று என்று நான் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரேடோ ஆய்வு மையம் 2009-இல் பல மாநிலங்களின் சார்ட்டர் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்குப் பாடத்தில் 17 விழுக்காட்டுப் பள்ளிகள் அக்கம்பக்கத்துப் பொதுப் பள்ளிகளை முந்தியிருந்தன. 37 விழுக்காடு பின்தங்கியிருந்தன. மற்றவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே மையத்தின் 2023 ஆய்வில் சராசரி முன்னேறியிருந்தது. ஆனாலும் நல்லதும் கெட்டதும் ஒரே பெயர்ப் பலகைக்குப் பின்னால் இருக்கின்றன என்பது மாறவில்லை. இணையவழிச் சார்ட்டர் பள்ளிகளை வைத்துக் கோடிக்கணக்கில் பொதுப் பணத்தைச் சுருட்டியதாக 2019-இல் உங்கள் சான் டியேகோ மாவட்டத்திலேயே வழக்குப் பதிவானது. அந்தச் செய்தியை உங்கள் கணவரும் படித்திருப்பார். ஆகவே சார்ட்டரா இல்லையா என்பதை விட்டுவிட்டு, இந்தப் பள்ளி தன் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

ஹை டெக் ஹை 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் பாயிண்ட் லோமாவில், கடற்படை காலிசெய்துவிட்டுப் போன பயிற்சி மையக் கட்டடம் ஒன்றில் தொடங்கியது. வேலைக்குத் தகுந்த ஆள் உள்ளூரில் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்ட சான் டியேகோ தொழில்துறையினர் பேசிப் பேசி உருவாக்கிய பள்ளி. அவர்களில் முன்னால் நின்றவர் கேரி ஜேக்கப்ஸ். கைபேசித் தொழில்நுட்ப நிறுவனமான குவால்காமின் நிறுவனர்களில் ஒருவரான இர்வின் ஜேக்கப்ஸின் மகன். பள்ளியை வடிவமைக்க அவர்கள் கூட்டிவந்தவர் லேரி ரோசன்ஸ்டாக். சட்டம் படித்தவர், ஆனால் பள்ளிகளில் பல ஆண்டுகள் கற்றுக்கொடுத்தது தச்சு வேலை. கையால் செய்கிறவனுக்கு ஒரு கல்வி, தலையால் யோசிக்கிறவனுக்கு வேறு கல்வி என்று பிள்ளைகளைப் பதினான்கு வயதில் இரண்டாகப் பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. 2019-இல் கத்தார் வழங்கும் வைஸ் கல்விப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒரே பள்ளியாகத் தொடங்கியது இன்று சான் டியேகோ வட்டாரத்தில் நான்கு வளாகங்களில், மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பல பள்ளிகளாக விரிந்திருக்கிறது. ஆசிரியர்களுக்குத் தாமே பயிற்சி கொடுத்துத் தகுதிச் சான்று வழங்கவும் அவர்களுக்கு மாநில அனுமதி உண்டு.

தச்சு என்றதும் உங்கள் கணவர் முகம் சுளித்ததற்கு வெறும் பெருமை காரணமாக இருக்க முடியாது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் இருந்துவிட்டு மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும் என்றிருந்தது. தச்சன் மகன் தச்சனாகவே நிற்கட்டும் என்பதுதானே இதன் பொருள் என்று பெரியார் கொதித்தார். 'குலக்கல்வி' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார்; காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். நம் தாத்தாக்கள் அன்று கோபப்படாமல் இருந்திருந்தால் நம்மில் பலர் இன்று சான் டியேகோவில் இருந்திருக்க மாட்டோம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். அதனாலேயே சொல்கிறேன்: நீங்கள் பார்த்த பலகை அறுக்கும் வகுப்பு அதற்கு நேர் எதிரானது. அங்கே அறுப்பவர்கள் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்லர். மருத்துவர் மகளும் தோட்டக்காரர் மகனும் ஒரே பலகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிறகு இருவரும் ஒரே இயற்பியலைப் படிக்கிறார்கள். திறமை உள்ளவர் இந்த வகுப்பு, இல்லாதவர் அந்த வகுப்பு என்று பிரிப்பதே அங்கே கிடையாது. மேல்வகுப்புகளில் 'ஆனர்ஸ்' என்கிற உயர்நிலை வேண்டும் என்கிற மாணவர் அதே வகுப்பறையில் உட்கார்ந்தபடி கூடுதல் வேலை செய்து அதைப் பெறுகிறார்.

அந்தப் பலகையால் என்ன செய்கிறார்கள்? 2015-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் இந்தப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பை ஓராண்டு பின்தொடர்ந்தது. உங்கள் மகள் சேரப்போகிற அதே வகுப்பு. நாகரிகங்கள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன என்று வரலாறு படிக்கிறார்கள். படித்து, வாதாடி, தங்களுக்குள் ஒரு கோட்பாட்டுக்கு வந்தபின், அந்தக் கோட்பாட்டை மரத்தாலான பற்சக்கரங்களாக வடிக்க வேண்டும். ஒரு சக்கரம் சுழன்றால் இன்னொன்று சுழல வேண்டும். எல்லாம் சேர்ந்து சுவரை அடைக்கிற ஒரே பொறியாக ஓட வேண்டும். வரலாறு தெரியாவிட்டால் சக்கரத்துக்குப் பொருள் இல்லை; பற்களின் கணக்குத் தவறினால் சக்கரம் நின்றுவிடும். கண்காட்சி இரவில் பெற்றோரும் ஊராரும் வந்துவிட்டார்கள். ஒரு பையனின் பகுதி மட்டும் முடியவில்லை. மற்றவர்களுடையது ஓடுகிறது, அவனுடையது ஓடவில்லை. அத்தனை பேர் முன்னால் அவன் அப்படி நின்றான். அதன்பின் அவன் அதை விட்டுவிடவில்லை. பள்ளி முடிந்து கோடை விடுமுறை தொடங்கிய பிறகும் வந்து உட்கார்ந்து, அதைச் சுழலவைத்துவிட்டுத்தான் போனான். அந்த வேலைக்கு மதிப்பெண் ஏறவா போகிறது? அவனுக்கு அது முடிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அதே படத்தில், தொடக்கத்தில் வாய் திறக்கத் தயங்குகிற ஒரு பெண்ணும் வருகிறாள். பழைய கிரேக்க நாடகம் ஒன்றை இன்றைய பாகிஸ்தானுக்குப் பொருத்தி வகுப்பே அரங்கேற்றுகிறது. ஆண்டு முடிவில் அதை இயக்குகிறவள் அவள்தான். எடுப்பவர்கள் நல்ல கதைகளைத்தான் படத்தில் வைப்பார்கள், அதை மறக்க வேண்டாம். ஆனாலும் உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

சகோதரி, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. இப்படி ஒன்றைச் செய்து செய்தே பாடம் கற்கிற 'செயல்திட்டப் பள்ளி' உங்கள் வீட்டுக்குப் புதிது அல்ல. ஏழு ஆண்டுகளாக மகளை அப்படி ஒரு பள்ளிக்குத்தான் அனுப்புகிறீர்கள். நாட்டிய ஆசிரியை பாடப்புத்தகத்தைத் திறந்துவைத்தா கற்பிக்கிறார்? தட்டடவு சரியாக வரும்வரை நூறு முறை ஆடவைக்கிறார். எந்த விரல் தாழ்கிறது, எந்தக் கண் பார்வை தவறுகிறது என்று அவருக்கு உங்கள் மகளைத் தனியாகத் தெரியும். கடைசியில் மதிப்பெண் பட்டியலா தருகிறார்? நட்டுவாங்கம் ஒலிக்க, ஊரே பார்த்திருக்க, அவளை மேடையில் நிறுத்துகிறார். நூல் எழுதியவர்கூட அவையில் வைத்து அரங்கேற்ற வேண்டும் என்றிருந்த மரபு நம்முடையது. வகுப்பில் வாய் திறக்காத பெண் ஆயிரம் கண்கள் முன்னால் ஆடத் தயாராகிக்கொண்டிருக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏழு ஆண்டு ஒத்திகை கொடுத்த துணிவு அது. இந்தப் பள்ளி அறிவியலையும் வரலாற்றையும் அந்த முறையில் கற்பிக்கப் பார்க்கிறது. நான் இதற்குச் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அங்கே ஆண்டில் இருமுறையாவது ஒவ்வொரு மாணவரும் தாம் கற்றதைப் பிறர் முன் எடுத்துரைக்க வேண்டும். ஆண்டு முடிவில் நடப்பது அடுத்த வகுப்புக்குப் போகும் தகுதியைக் காட்டுவதற்கு. இப்படி நடத்துகிற வேறொரு பள்ளியில் நான் கேட்பவர் வரிசையில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் வீட்டுத் தெருவின் ஓடை நீரைச் சோதித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே அவள் ஆசிரியர், இரண்டு வகுப்புத் தோழிகள், பாட்டி, நான். அட்டையில் மூன்று வரைபடங்கள். மூன்றும் ஒரே ஓடையைப் பற்றியவை. முதலாவது தவறு என்றாள். ஏன் தவறு, எந்த அளவீட்டை விட்டுவிட்டேன், தோழி எப்படிக் கண்டுபிடித்தாள் என்று விரல் வைத்துக் காட்டினாள். "இரண்டாவதை மறுபடி ஏன் போட்டாய்?" என்று கேட்டேன். மழைக்கு மறுநாள் எடுத்த நீர் என்பதால் அதை நம்ப முடியவில்லை என்றாள். எத்தனையோ ஆயிரம் தேர்வுத்தாள் மதிப்பெண்களைப் பார்த்த என் கண்ணுக்கு, ஒரு பிள்ளைக்கு ஒன்று உண்மையாகவே புரிந்திருக்கிறது என்பதை அன்றுபோல் எந்த எண்ணும் காட்டியதில்லை. பாட்டிக்கு ஆங்கிலம் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் பேத்தி கேள்விக்கு அஞ்சாமல் நிற்கிறாள் என்பது முழுதும் புரிந்தது, கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

செய்கிற வேலை உண்மையானதாக இருந்தால் பெரியவர்களின் உலகமே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1995 ஆகஸ்டில் மின்னசோட்டாவின் ஹெண்டர்சன் என்ற சிற்றூரில், நியூ கன்ட்ரி பள்ளி என்ற சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகள் இயற்கையைப் பார்க்க ஒரு பண்ணைக் குட்டைப் பக்கம் போனார்கள். பிடித்த தவளைகளில் ஏறக்குறைய பாதிக்குக் கால் இல்லை, அல்லது கோணல் கால், அல்லது கூடுதல் கால். ஆசிரியை அத்தோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடவில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தகவல் போனது, விஞ்ஞானிகள் வந்தார்கள், வட அமெரிக்கா முழுவதும் தவளை ஊனம் பற்றிய ஆராய்ச்சி சூடுபிடித்தது. உங்கள் பள்ளியிலும் அப்படி உண்டு. சான் டியேகோ வளைகுடாவின் உயிரினங்களையும் வரலாற்றையும் நேரில் ஆராய்ந்து மாணவர்கள் எழுதிய கள வழிகாட்டி அச்சுப் புத்தகமாக வந்தது. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் அதற்கு அணிந்துரை எழுதினார். பதினோராம் வகுப்பில் மாணவர்கள் சில வாரம் வெளியே ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ களப்பயிற்சிக்குப் போகிறார்கள்.

இன்னொன்று, எனக்கு இதுவே பெரிது. வட்டாரப் பள்ளிகளில் ஆலோசகர் ஒருவர் தலையில் நானூறு ஐந்நூறு மாணவர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அமைதியான பிள்ளை, மதிப்பெண் நன்றாக வாங்குகிற பிள்ளை என்றால், அந்தப் பிள்ளை நான்கு ஆண்டில் என் அறைக்கு நான்கு முறைகூட வந்திருக்காது. தொல்லை தராதவர்களை எங்களுக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. ஹை டெக் ஹை போன்ற பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஐம்பது சொச்சம் பிள்ளைகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதோடு ஒவ்வொருவருக்கும் சிறு ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அதன் ஆசிரியர் மாணவரின் வீட்டுக்கே வந்து பெற்றோரோடு பேசும் வழக்கமும் உண்டு. வந்தால் காபி கொடுத்து, அவள் பிரித்துப்போட்டிருக்கும் சாமான்களைக் காட்டுங்கள்.

இனி, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு. செயல்திட்ட முறைக்கு எளிதில் வசப்படாத பாடம் இது. வரலாற்றில் ஒரு நூற்றாண்டைத் தவறவிட்டால் பிறகு படித்துக்கொள்ளலாம். கணக்கு படிக்கட்டு மாதிரி. ஒரு படி இல்லாவிட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. செயல்திட்டத்துக்குத் தேவைப்படும்போது தேவைப்பட்ட கணக்கை மட்டும் தொட்டுவிட்டுப் போகிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்பில் என்னிடம் வந்த பையன் செய்த பாலம் மாதிரியை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பின்னங்கள் வந்த சமன்பாட்டை அவனால் தீர்க்க முடியவில்லை. அவனைத் தேற்றிக் கரைசேர்க்க ஓராண்டு ஆனது. ஆகவே பள்ளியில் இதை நேராகக் கேளுங்கள்: கணக்குக்கென்று தனி நேரம் வாரத்தில் எவ்வளவு, யார் நடத்துகிறார், பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் படிக்க வழி இருக்கிறதா. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே மிராமார் சமுதாயக் கல்லூரி இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளியின் ஒப்புதலோடு அங்கே கல்லூரி வகுப்புகளே எடுக்கலாம். பெரும்பாலும் கட்டணம் இராது. கோடையில் ஒரு கணக்கு வகுப்பு போட்டால் பள்ளியில் எது குறைந்தாலும் ஈடுகட்டிவிடலாம்.

ஏபி பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது சற்று ஊதிப் பெருத்த பயம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எதிர்பார்ப்பது 'ஏ–ஜி' என்கிற 15 பாடங்களை. இந்தப் பள்ளிப் படிப்பு அதற்கேற்பவே அமைந்தது. எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை அது இப்போது பார்ப்பதே இல்லை. ஜிபிஏ என்கிற சராசரிப் புள்ளியைக் கணக்கிடுவது பத்து, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களிலிருந்து. ஏபி, ஆனர்ஸ் பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. ஆனால் அதற்கு எட்டு அரையாண்டுப் பாடங்கள் என்று உச்சவரம்பு உண்டு. அது ஒப்புக்கொள்கிற ஆனர்ஸ் பாடமும் சமுதாயக் கல்லூரிப் பாடமும் அதே புள்ளியைத் தரும். ஒரு மாணவர் தம் பள்ளி கொடுத்த வாய்ப்புகளை எப்படிப் பயன்படுத்தினார் என்றுதான் விண்ணப்பத்தைப் படிக்கிறார்கள். இல்லாத ஏபியை எடுக்கவில்லை என்று யாரும் குறைப்பதில்லை. பத்து ஏபி எடுத்துக் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு என் அறையில் உட்கார்ந்து, "உனக்கு எது பிடிக்கும்?" என்ற கேள்விக்கு அழுத பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர்.

குழு வேலையில் ஒரு தீங்கு உண்டு. அமைதியான, பொறுப்பான பெண் பிள்ளை கடைசி இரவில் எல்லோருடைய வேலையையும் தானே செய்துமுடிப்பாள்; பெயர் எல்லோருக்கும் போகும். தனித்தனி வேலையை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். மகளிடமும் சொல்லிவையுங்கள்: பிறர் பங்கைத் தானே சுமப்பது உதவி ஆகாது.

ஆசிரியர்களைப் பற்றியும் விசாரியுங்கள். இங்கே பாடத்தை வகுப்பவரே ஆசிரியர் என்பதால், நல்லவர் கிடைத்த ஆண்டு பொன்னாக இருக்கும், அனுபவம் இல்லாதவர் கிடைத்த ஆண்டு தள்ளாடும். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களில் எத்தனை பேர் போன ஆண்டும் அங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள். போக்குவரத்துக்குப் பள்ளிப் பேருந்து இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மீரா மேசாவிலிருந்து பாயிண்ட் லோமாவுக்குக் காலை நெரிசலில் யார் கொண்டுபோய் விடுவது என்று இப்போதே முடிவுசெய்யுங்கள். சிறிய பள்ளி என்பதால் நூறு பேர் வாத்தியக் குழு, பெரிய விளையாட்டு மைதானம் எல்லாம் கிடைக்காது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்பும் எண்ணம் உண்டா? இருந்தால் என் பதில் தலைகீழாக மாறும். பதினோராம் வகுப்பில் நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் நுழைந்து நீட்டுக்கோ ஜேஇஇக்கோ தயாராக வேண்டிய பிள்ளைக்கு இந்தப் பள்ளி துணைசெய்யாது. அப்படியானால் வட்டாரப் பள்ளிக்கே அனுப்புங்கள், தயங்க வேண்டாம்.

அந்த எண்ணம் இல்லையென்றால், இந்தப் பத்து நாளில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, மாணவர் ஒருவரோடு ஒரு நாள் முழுக்க உடன் இருந்து பார்க்க மகளுக்கு அனுமதி கேளுங்கள். மாலையில், "பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள்; பிடித்தது என்பாள். "அங்கே யாராவது ஒன்றை மறுபடி செய்ததைப் பார்த்தாயா? யார் அவர்களைத் திருத்தினார்கள்? நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். இரண்டாவது, இந்த முறை பள்ளிக்கு உங்கள் கணவர் தனியாகப் போகட்டும். சுவர் முழுக்க மாணவர் வேலைதான் மாட்டியிருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்றின் முன் நின்று, செய்த பிள்ளையைக் கூப்பிட்டு, அவர் துறைக் கேள்வியாக ஒன்றைக் கேட்கட்டும். கணினியோ மின்சுற்றுப் பலகையோ, எதுவானாலும் சரி. வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்பதுபோலவே கேட்கட்டும். அந்தப் பிள்ளை தடுமாறாமல் பதில் சொல்கிறதா, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிகிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார். மூன்றாம் மனிதர் எழுதும் கடிதத்தைவிட அதை அவர் நம்புவார்.

சேர்த்த பிறகு முதல் ஆண்டில், குறிப்பாக அக்டோபரில் எல்லாம் குழப்பமாகத் தெரியும்போது, அவசரப்பட்டு இடையில் மாற்றிவிடாதீர்கள். மாற்றுவதானால் ஆண்டு முடிவில் மாற்றுங்கள். கணக்குப் பாடத்தைப் பள்ளிக்குப் பள்ளி வேறு வரிசையில் நடத்துவார்கள். இடையில் தாவினால் முதலில் அடிபடுவது அதுதான். முதல் கண்காட்சி பெரும்பாலும் அரையாண்டு முடிவில் இருக்கும். அரங்கேற்ற ஒத்திகை நாட்களோடு மோதாமல் இருக்கிறதா என்று நாட்டிய ஆசிரியையிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்